நான்காம் அடுக்கில் நின்றது

ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் வட்டாரக் கிரிக்கெட்டில் அம்பயர் டட்லி யோர்கன்சனைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்தது இரண்டு. கொடுத்த தீர்ப்பை மாற்ற மாட்டார். அதற்கு விளக்கமும் சொல்ல மாட்டார். விரல் மேலே போகும், ஆட்டக்காரன் வெளியே போக வேண்டும். போகாமல் நின்று முறைத்தால் டட்லியும் நிற்பார், எல்லைக்கோட்டுக்கு அப்பால் இருக்கும் கரும்பைப் பார்த்துக்கொண்டு. ஒருமுறை சொந்த மைத்துனனையே முதல் பந்தில் எல்பிடபிள்யூ கொடுத்து அனுப்பினார். அந்த வருடக் கிறிஸ்துமஸ் விருந்தில் மாமியார் அவர் தட்டில் மட்டும் பன்றித்தொடையின் எலும்புப் பக்கமாகப் பார்த்து வைத்தார். டட்லி அதையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்தார்.

வார நாட்களில் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர் வேலை. சனிக்கிழமைகளில் மைதானம். தாத்தா காலத்தில் டென்மார்க்கிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அது. தோலை மட்டும் யாரும் இந்த ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளவில்லை. பாலில் மிளகுத்தூள் தூவியது போன்ற நிறம் டட்லிக்கு. அகலத் தொப்பி போடுவார். ஆனால் பிட்ச் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும்போது வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, கீழேயிருந்தும் எழும்பித் தொப்பிக்குள் புகும். முகத்துக்கு வெள்ளைக் களிம்பு பூசச் சொல்லி மனைவி வால்மா வருடா வருடம் ஒரு டியூப் வாங்கி வைத்தாள். அது வேகப்பந்து வீச்சாளர்கள் அழகுக்குப் பூசுவது என்பது டட்லியின் எண்ணம்.

அறுபத்தோராவது வயதில் மூக்கின் இடது ஓரத்தில், கன்னத்தோடு சேரும் மடிப்பில், சின்னதாக ஒன்று முளைத்தது. முத்துப் போல மினுமினுப்பு. துண்டால் முகம் துடைத்தால் துளி ரத்தம் வரும், பிறகு காய்ந்துவிடும்.

"என்ன அது?" என்றாள் வால்மா.

"கொசு."

"எட்டு மாசமா அதே எடத்துலயா? அந்தக் கொசுவுக்கு வேற வேல வெட்டி இல்லியா?"

வால்மா தபாலாபீசில் முப்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவள். எதிரே நிற்பவர் பொய் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். டட்லியிடம் அது கூடத் தேவைப்படவில்லை.

அந்த ஊர் வெயிலுக்கு, ஐம்பதைத் தாண்டியவர்கள் தோலில் எங்காவது ஒரு துண்டை வெட்டி எடுத்திருப்பார்கள். கிளப் பாரில் சனிக்கிழமை மாலை அதுதான் பேச்சு. எதிர்முனை அம்பயர் நெவில் பாஷ், முன்பு பால்பண்ணை வைத்திருந்தவர், இதில் எல்லோருக்கும் மூத்தவர். வலது காதின் மேல் நுனி இல்லை. முதுகில் ஏழெட்டு வெள்ளைத் தழும்புகள். கேட்டால் சட்டையைத் தூக்கிக் காட்டுவார், கேட்காவிட்டாலும் காட்டுவார்.

"சுரண்டிச் சுட்டுரு, டட். பத்து நிமிஷம். நான் காலைல போயி, டீ குடிக்கறதுக்குள்ள வீட்டுக்கு வந்துட்டேன். ஒண்ணாச்சும் திரும்பி வந்துச்சா? வரல."

"அது முதுகு."

"முதுகு என்ன, மூக்கு என்ன? தோலு தோலுதான்."

டாக்டர் க்ரீவ் அப்படி நினைக்கவில்லை. ஊரின் மெயின் ரோட்டில் கிளினிக் வைத்திருந்த அந்த அம்மாளின் மகனை டட்லி ஒரே சீசனில் இரண்டு முறை அவுட் கொடுத்திருந்தார். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒரு சின்னத் துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பேசல் செல் கேன்சர். நல்ல செய்திய முதல்ல சொல்லிடறேன். இது ஆளக் கொல்ற ரகம் இல்ல. மெதுவாத்தான் வளரும். ஆனா பக்கத்துல என்ன இருக்கோ அதத் தின்னுக்கிட்டே போகும்."

"பக்கத்துல என்ன இருக்கு?"

"உங்க மூக்கு."

டட்லி தலையசைத்தார். நெவிலுக்குச் சுரண்டிய கதையைச் சொன்னார்.

"முதுகு வேற, டட்லி. அங்க சுரண்டிச் சுட்டா பெரும்பாலும் போயிடும். மூக்கோரத்துல அது வேர் விடற விதமே வேற. அங்க நான் சுரண்ட மாட்டேன். ரெண்டு வழி இருக்கு. இங்கயே வெட்டலாம். கட்டியச் சுத்தி கொஞ்சம் நல்ல தோலயும் சேத்து எடுத்து, தைச்சு, லேபுக்கு அனுப்பிடுவேன். அரை மணி நேர வேல. இல்லன்னா பிரிஸ்பேன்ல மோஸ் ஆபரேஷன் பண்றவங்ககிட்ட போகலாம். அவங்க மெல்லிசா ஒரு அடுக்கு எடுத்து, நீங்க அங்க உக்காந்திருக்கும்போதே மைக்ராஸ்கோப்புல பாப்பாங்க. எந்த மூலைல மிச்சம் இருக்கோ அங்க மட்டும் இன்னொரு அடுக்கு. சுத்தமாகற வரைக்கும் விட மாட்டாங்க. ஒரு நாள் முழுக்க ஆகும்."

"எதுல திரும்பி வராது?"

"வரவே வராதுன்னு எதையும் சொல்ல முடியாது. முகத்துல, முதல் தடவ வந்ததுன்னா, வெட்டுன நூறு பேர்ல பத்து வருஷத்துக்குள்ள ஒரு பன்னெண்டு பேருக்குத் திரும்ப வருது. மோஸ்ல நாலஞ்சு பேருக்கு."

"அப்ப வெட்டுனாலும் எம்பத்தெட்டு பேருக்கு வராது."

"ஆமா."

பிரிஸ்பேனில் இடம் கிடைக்க ஆறு வாரமாகும் என்றார் டாக்டர். சனிக்கிழமை அரையிறுதி ஆட்டம் இருந்தது, அதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது டட்லியின் கணக்கு.

"எம்பத்தெட்டு போதும்" என்றார் டட்லி.

"உங்க எடத்துல நான் இருந்தா பிரிஸ்பேன் போவேன்."

"என் எடத்துல நீங்க இல்லயே, டாக்டர்."

இதை மரியாதையாகத்தான் சொன்னார். செவ்வாய்க்கிழமை வெட்டினார்கள். சனிக்கிழமை மூக்கில் ஒரு பட்டை பிளாஸ்திரியோடு அரையிறுதியில் நின்றார். லேபிலிருந்து ஓரங்கள் சுத்தம் என்று பதில் வந்தது. கிளப் பாரில் நெவிலிடம், "சுத்தம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி விஷயத்தை முடித்துவிட்டார்.

அடுத்த நான்கு வருடம் மூக்கு ஒரு தொந்தரவும் தரவில்லை. டட்லி ஆலையிலிருந்து ஓய்வு பெற்றார். மகள் கல்யாணமாகி டார்வின் நகருக்குப் போனாள். அதன் பிறகு, அவர் வாழ்க்கையிலேயே முதல் முறையாக, அவர் மேல் ஒரு புகார் வந்தது.

அதைக் கொண்டுவந்தவர் நெவில். வாசலில் நின்று தொப்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"சொல்லு" என்றார் டட்லி.

"ஒண்ணுமில்ல. சங்கத்துல யாரோ சொன்னானுங்க. நீ அவுட் குடுக்கும்போது சிரிக்கறியாம்."

"சிரிக்கறனா?"

"ஏளனமா. ஒரு பக்க உதட்டத் தூக்கிக்கிட்டு. ரெண்டு டீம் சொல்லிருக்கு."

"நான் அறுபத்தஞ்சு வருஷத்துல மைதானத்துல சிரிச்சதே இல்ல."

"அதான் நானும் சொன்னேன். அந்தாளுக்குச் சிரிப்பே வராது, வீட்ல வந்து கேட்டுப் பாருங்கன்னேன்."

நெவில் போன பிறகு டட்லி குளியலறைக் கண்ணாடி முன் நின்றார். பழைய தழும்பு மெழுகு போல வெளுத்து, தடித்திருந்தது. அது மூக்குத் துவாரத்தையும் மேலுதட்டையும் இடப்பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தது. பார்த்தால் எதிரே நிற்பவனை இளப்பமாக நினைக்கும் முகம்தான். கதவருகே வால்மா நின்றிருந்தாள்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"ஈஸ்டர்லேர்ந்து. மூணு தடவ சொன்னேன். மூணு தடவயும் தழும்புன்னா அப்படித்தான் இருக்கும்ன."

அடுத்த சனிக்கிழமை பதினோராவது ஓவரில் அவர் மேலுதட்டில் ஏதோ ஈரமாக ஊர்ந்தது. பேட் பிடித்திருந்தவன் ட்ராய், கறிக்கடைக்காரன். ரத்தத்தைப் பார்த்துப் பதறுகிற ஆளில்லை.

"அம்பயர், மூக்குல ரத்தம்."

"பந்தப் பாரு."

"ரக்பி லீக் ஆட்டமா இருந்தா, ரத்தம் வந்ததுக்கே இந்நேரம் உங்கள வெளிய அனுப்பிருப்பாங்க, அம்பயர்."

டட்லி அந்த ஓவரை முடித்தார். பந்து எண்ணச் சட்டைப் பையில் வைத்திருந்த கூழாங்கற்களை நெவிலின் கையில் கொட்டிவிட்டு, மைதானத்தைக் கடந்து காருக்குப் போனார். அவர் ஆட்டத்தின் நடுவில் வெளியேறியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பேட்டிங் செய்த அணிக்காரர்கள் எழுந்து நின்றார்கள். ஏன் நின்றோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை, உட்கார்ந்துவிட்டார்கள்.

பிப்ரவரியில் பிரிஸ்பேன் போனார்கள். வால்மாதான் ஓட்டினாள். அங்கே டாக்டர் லாம் என்ற குள்ளமான பெண், உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு, தழும்பை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"சுத்தம்னு சொன்னாங்களே" என்றார் டட்லி. நான்கு வருடமாக மனதில் இருந்த கேள்வி அது.

"பொய் சொல்லல. வெட்டியெடுத்த துண்ட லேபுல ரொட்டி மாதிரி குறுக்க அரிஞ்சு, அதுல சில வில்லைகளத்தான் பாப்பாங்க. ரெண்டு வில்லைக்கு நடுவுல ஒரு மெல்லிசு வேர் ஓடிருந்தா தப்பிச்சிரும். நாங்க துண்டோட அடிப்பக்கத்தயும் ஓரத்தயும் முழுசாப் பாக்கறோம். அதான் வித்தியாசம்."

"முதல்லயே இங்க வந்திருந்தா?"

"சின்னக் குழியோட போயிருக்கும். அநேகமா." டாக்டர் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். "ஏற்கெனவே ஒருதடவ திரும்பி வந்தத மறுபடி சாதாரணமா வெட்டுனா, நூத்துக்குப் பதிமூணு பதினாலு பேருக்கு இன்னொரு தடவயும் வருது. இந்த முறைல நாலு பேருக்கு."

"எனக்கு எத்தன?"

"உங்களுக்கு வரும், இல்லன்னா வராது. நூறு பேரப் பத்தித்தான் எங்களுக்குத் தெரியும், டட்லி. ஒருத்தரப் பத்தித் தெரியாது."

டட்லிக்கு அந்த டாக்டரைப் பிடித்துவிட்டது.

முதல் அடுக்கு எடுக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மூக்கை மரக்கவைத்து, எடுத்து, பஞ்சை வைத்துக் கட்டி, காத்திருக்கும் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர், எல்லோரும் முகத்தில் எங்காவது ஒரு வெள்ளைக் கட்டோடு, ஒரே சண்டையில் அடிபட்டவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். பிஸ்கட்டும் டீயும் இருந்தன. பக்கத்து நாற்காலியில் ஷெரில் என்ற பெண், ஹார்வி பே என்ற ஊரில் இறால் படகு வைத்திருப்பவள், கீழுதட்டில் கட்டு.

"எத்தனாவது?" என்றாள், கட்டு அசையாமல்.

"ஒண்ணு."

"எனக்கு ரெண்டு முடிஞ்சுது. அதோ அந்தப் பாதிரியாருக்கு ஒண்ணுலயே சுத்தமாயிருச்சாம். மேலிடத்துச் சிபாரிசு."

நர்ஸ் கதவைத் திறந்து பெயர் சொல்லும்போதெல்லாம் அறை முழுவதும் தலை நிமிர்ந்தது. சுத்தம் என்றால் தைக்கும் அறைக்குக் கூட்டிப்போவார்கள். இல்லையென்றால் பழைய நாற்காலிக்கே. டட்லியைப் பழைய நாற்காலிக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாவது முடிந்தது. மறுபடியும் அதே நாற்காலி. மூன்றாவதற்குப் பிறகு வால்மா கொண்டுவந்திருந்த சாண்ட்விச்சை அவர் தொடவில்லை.

"சாப்பிடு" என்றாள்.

"வேணாம்."

"முட்ட."

"தெரியும்."

டட்லி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் எதிரே நின்றவர்கள் எல்லோரும் அவர் விரலைப் பார்த்துக் காத்திருந்தார்கள். அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிந்திருக்கவில்லை. அவர் கேட்டதுமில்லை.

"வால்" என்றார். "இவங்க பாட்டுக்கு எடுத்துக்கிட்டே போனா, கடைசில என்னதான் மிஞ்சும்?"

நாற்பது வருடத்தில் அவர் அவளிடம் பயந்து கேட்ட முதல் கேள்வி அது. வால்மா அவர் கையை எடுத்துத் தன் கைப்பையின் மேல் வைத்துக்கொண்டாள். அவளும் சாண்ட்விச்சைச் சாப்பிடவில்லை.

நான்காவது அடுக்கில் நின்றது. டாக்டர் லாமே வந்து சொன்னார். சுத்தம். பிறகு டட்லியிடம் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். மூக்கின் இடப்பக்கச் சிறகு முழுவதும் இல்லை. டாலர் நாணயம் ஒன்று உள்ளே கிடக்கும் அளவுக்குக் குழி. டட்லி நன்றாகப் பார்த்துவிட்டு, "சரி" என்று கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் வேறொரு டாக்டர் அவர் நெற்றியிலிருந்து ஒரு பட்டைத் தோலை மேற்பக்கம் வெட்டி, கீழ்நுனி மட்டும் புருவத்தருகே ஒட்டியிருக்கும்படி விட்டு, அப்படியே திருப்பி மூக்கில் கொண்டுவந்து தைத்தார். புது இடத்தில் ரத்த ஓட்டம் பிடிக்கும் வரை மூன்று வாரம் அது அப்படியேதான் இருக்க வேண்டும் என்றார். புருவத்துக்கும் மூக்குக்கும் நடுவே சுண்டுவிரல் பருமனில் ஒரு சதைப்பாலம் முகத்தில் தொங்கியது.

திரும்பும் வழியில் ஜிம்பி என்ற ஊர் வரைக்கும் வால்மா நிற்காமல் ஓட்டினாள். அங்கே மாவுக்குள் கறி அடைத்துச் சுட்ட 'பை' விற்கும் ஒரு கடை முன்னால் காரை நிறுத்தினாள்.

"பை வேணுமா?"

"நீ போயி வாங்கிட்டு வா. நான் எறங்கல."

"ஏன்?"

"ஏனா? என்னப் பாத்தியா?"

வால்மா திரும்பி அவரை முழுசாகப் பார்த்தாள். "யானைக்குட்டி மாதிரி இருக்க" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், நிறுத்த முடியாமல் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள். அது எப்போது அழுகையானது என்று டட்லிக்குத் தெரியவில்லை. முதுகில் கை வைத்தார். பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் இரண்டு கறிப் பை வாங்கி வந்தாள். தக்காளிச் சாஸ் சதைப்பாலத்தில் படாமல் சாப்பிடுவது எப்படி என்று இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள்.

தினமும் காலையில் அவள் உப்பு நீரில் பஞ்சை நனைத்துத் தையலைத் துடைத்துவிட்டாள். தபால்தலை கிழிக்கும் கை, நடுங்காது. மூன்றாம் நாள் டட்லி, "நெத்தியத் தொடாத, கூசுது" என்றார்.

"நான் மூக்கத்தான் தொட்டேன்."

"நெத்தில தெரியுதே."

மறுபடி தொட்டுப் பார்த்தாள். ஆமாம், நெற்றியில்தான். அந்தத் தோல் இன்னும் தன்னை நெற்றி என்றே நினைத்துக்கொண்டிருந்தது. வால்மா குனிந்து மூக்கு நுனியில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

"எங்க தெரிஞ்சுது?"

"புருவத்துக்கு மேல. வலப்பக்கமா."

"பரவால்ல, எங்கயாவது போயிச் சேந்தா சரி" என்று பஞ்சைக் குப்பையில் போட்டாள்.

இறுதி ஆட்டம் அந்த மூன்று வாரத்துக்குள் வந்தது. அவர் இடத்தில் நிற்க மேரிபரோவிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார்கள். டட்லி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமையே கார்க் கண்ணாடியைத் துடைத்து வைத்தார். அத்திமரத்து நிழலில் காரை நிறுத்தி, உள்ளேயே இருந்து பார்த்தார்கள். கடைசி நேரத்தில் ட்ராயின் பேட்டில் பந்து உரசிய சத்தம் ரோட்டில் போனவர்களுக்கும் கேட்டது. கீப்பர் பிடித்தான். மேரிபரோக்காரர் அசையவில்லை. பதினொரு பேரும், நடுவில் நின்ற நெவிலும், ட்ராயும்கூட, மெல்லத் திரும்பி அத்திமரத்தடிக் காரைப் பார்த்தார்கள்.

"என்ன பண்ணப் போற?" என்றாள் வால்மா.

டட்லி ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

மூன்றாவது வாரம் பாலத்தை வெட்டி எடுத்தார்கள். மூக்கு மூக்காக இருந்தது, நிறம் மட்டும் ஒரு பக்கம் வெளிறியிருந்தது. நெற்றித் தோலை மேலே, மயிர் தொடங்கும் இடம் வரை வெட்டியிருந்ததால், கோடைக்குள் மூக்கு நுனியில் நான்கைந்து நரைமயிர் வளர்ந்தது. காலையில் தாடியோடு சேர்த்து மூக்கையும் சவரம் செய்ய வேண்டியிருந்தது. மறந்துவிட்டால் சமையலறையிலிருந்து வால்மா குரல் கொடுப்பாள்.

அடுத்த சீசனில் மைதானத்துக்குத் திரும்பினார். ஏளனச் சிரிப்பு போய்விட்டிருந்தது. புகாரும் நின்றது. இப்போது அவர் முகத்தில் வெள்ளைக் களிம்பு கனமாக இருந்தது. பூசிவிட்டது வால்மா, துடைக்காமல் விட்டது அவர்.

இரண்டு வருடம் கழித்து நெவிலுக்கு மூக்கில் வந்தது. கிட்டத்தட்ட அதே மடிப்பில். பாரில் எல்லோரும் டட்லி ஏதாவது சொல்வார் என்று பார்த்தார்கள். டட்லி சொன்னார். அன்று மாலை அவர் பேசியது அவர் நாற்பது சீசனில் பேசியதைவிட அதிகம். ரொட்டி வில்லைகளைப் பற்றிச் சொன்னார். பன்னிரண்டு பேர், நான்கு பேர், பதினான்கு பேர் என்று பியர் வைக்கும் அட்டைகளை அடுக்கிக் காட்டினார். ட்ராய் தன் கிளாஸைத் தூக்கிப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான், வைக்க அட்டை இல்லாததால்.

நெவில் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"அப்ப வெட்டுனா எம்பத்தெட்டு பேருக்கு வராது."

"நானும் இதத்தாண்டா சொன்னேன்."

"எம்பத்தெட்டு போதும் எனக்கு. பிரிஸ்பேன் ட்ராஃபிக் எனக்கு ஆவாது, டட்."

டாக்டர் க்ரீவிடமே வெட்டிக்கொண்டார். திரும்பி வரவேயில்லை. நெவில் தொண்ணூற்றோரு வயது வரை அதே மூக்கோடு இருந்து, தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். இதை டட்லி எந்த அட்டையை வைத்தும் விளக்க முயற்சி செய்யவில்லை.

டட்லி தன் ஆறுமாதச் சோதனையைத் தவறவிடவில்லை. பிரிஸ்பேன் போய் வந்த ஐந்தாம் வருடம் டாக்டர் க்ரீவ் மூக்கை எல்லாப் பக்கமும் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். பிறகு டட்லியின் தலையைத் திருப்பி, இடது காதுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தார். கொஞ்ச நேரம் அங்கேயே பிடித்திருந்தார்.

"திரும்பி வந்துருச்சா?" என்றார் டட்லி.

"இல்ல. இது வேற. புதுசு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

டட்லி மூச்சை விட்டார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். புது கேன்சர் வந்ததற்கு அவ்வளவு நிம்மதிப்பட்ட ஒருவரை அந்த டாக்டர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்ன செய்யலாம்னு யோசிக்க நேரம் எடுத்துக்கங்க" என்றார்.

"பிரிஸ்பேனுக்கு ஃபோன் போடுங்க. சனிக்கிழம மட்டும் வேணாம்."

ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை போனார்கள். முதல் அடுக்கிலேயே சுத்தம். தைத்துக்கொண்டு வந்தபோது வால்மா காத்திருக்கும் அறையில் ஒரு முட்டை சாண்ட்விச்சைத் தின்று முடித்து, இரண்டாவதைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.